இருளிற் காணுங் கண்: நாயின் விழித்திரையை அளந்த வரலாறு

நண்பகல் வெய்யிலினின்றும் இருண்ட அறையொன்றினுட் புகுவோன் முதலில் ஒன்றுங் காணான். சிறிது நேரஞ் செல்லக் கதவும் பெட்டியும் தோன்றும். அரைமணி நேரங் கழியின் முன்னர்ப் புலப்படாத மெல்லொளியும் புலப்படும். கண் இருளுக்கு இசைவாகும் இந்நிகழ்ச்சியைச் சேர்மன் அறிஞரான ஓபேட், விழித்திரை பற்றி 1865இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். மனிதரிடத்து இதனை அளத்தல் எளிது, “இவ்வொளி தெரிகின்றதா?” என்று வினவினாற் போதும். வினாவுக்கு விடை கூறமாட்டாத நாயின் கண்ணை அளப்பது எங்ஙனம்?

நாயை வளர்ப்போர் சொல்லும் இதற்குப் போதிய சான்றாகாது. பழகிய வீட்டில் மோப்பத்தாலும் செவியாலும் நடமாடும் நாய், பார்வை குன்றிய பின்னரும் பார்வையுடையது போலவே தோன்றும். ஆதலாற் கண்ணையே விடை கூறச் செய்தல் வேண்டும்.

அதற்கு வழி காட்டியவர் சுவீடன் தேசத்து உப்சாலாவில் ஆராய்ச்சி நடாத்திய ஒல்ம்கிரென் என்பவர். ஒளி பட்டவுடன் தவளையின் விழித்திரையில் மின்மாற்றம் எழுவதை அவர் 1865ஆம் ஆண்டளவிற் கண்டார். எடின்பரோவில் தியூவரும் மக்கெந்திரிக்கும் 1873இல் இவ்வுண்மையைத் தாமே தனித்துக் கண்டறிந்தனர். கண்ணுக்கும் ஒரு மொழி உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று.

இருளிற் காத்திருத்தல் எதன்பொருட்டு என்னும் வினா எஞ்சி நின்றது. விழித்திரையில் மங்கலொளிக்குக் கோற்கலங்களும், பேரொளிக்கும் நிறத்துக்குங் கூம்புக்கலங்களும் உரியன என 1866இல் மாக்சு சுல்சே கூறினார். தவளை விழித்திரையின் செந்நிறம் ஒளியில் வெளிறி இருளில் மீள்வதை உரோமாபுரியில் 1876இற் பொல் கண்டார். மூன்றாண்டுகளில், முப்பது வயதிலே அவர் காலமானார். ஐடல்பேக்கிற் கியூனே அந்நிறப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். விழித்திரையில் விற்றமின் ஏ உண்டென்பதை 1933இல் யோர்ச்சு உவால்டு நிறுவினார். ஒளியாற் சிதைந்த நிறப்பொருள் மீண்டும் ஆக்கப்படுவதே இருளுக்கு இசைதலின் அடிப்படையாகும். அதற்குக் காலம் வேண்டும்.

பூனையின் விழித்திரை மின்னலையைக் கிரானிற் 1933இற் கூறுபடுத்தி விளக்கினார். நாயின் மின்னலை பற்றிய ஆராய்ச்சியைப் பாரி முதலியோர் இங்கிலாந்தில் 1953இல் வெளியிட்டனர். இந்நாளைய முறையில், மயக்கமருந்து கொடுத்து, கண்மணியை விரியச்செய்து, கண்ணின் மேற் றொடுவில்லை வடிவான மின்வாயைப் பொருத்துவர். பின்னர் விளக்கையணைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மிக மெல்லிய ஒளித்துடிப்பொன்றைச் செலுத்துவர். குறைகளற்ற கண்ணில், இருபது நிமிடங்களில் மின்னலை படிப்படியாக உயரும். கோற்கலங்கள் பழுதுற்ற கண்ணில் அது உயராது.

இவ்வளவையின் பயன் யாதெனின், விழித்திரை படிப்படியாக நலியும் பரம்பரைநோயை முன்கூட்டியே அறிதலாம். இந்நோயைச் சுவீடனிலே கோடன் செற்றர் நாய்களில் மக்னுசன் 1911இல் விவரித்தார். நோயுற்ற நாய் பகலில் நன்கு ஓடும். அந்திப்பொழுதில் மாத்திரந் தடுமாறும். அத்தடுமாற்றத்தைக் காணுமுன் அது குட்டிகளையும் ஈன்றுவிடக்கூடும். மின்னலையோ குறையை முன்னரே காட்டிவிடும்.

சுவீடனில் பிரியார் என்னும் இன நாய்கள் சில பிறவியிலேயே மாலைக்கண்ணுற்றிருத்தலை நார்வ்சிட்ரோமும் அவர்தம் குழுவினரும் 1989இல் அறிவித்தனர். நிறப்பொருளை மீள ஆக்குதற்கு வேண்டும் நொதியத்துக்குரிய பரம்பரையலகிற் சிறு பகுதியொன்று இந்நாய்களில் இல்லாமை 1998இற் றெரியவந்தது. எவ்வளவு நேரம் இருளில் வைத்திருப்பினும் இவற்றின் கண் இருளுக்கு இசையாது. இதையொத்த பரம்பரையலகுப் பழுதாற் பார்வையிழக்கும் குழந்தைகளும் உளர்.

அமெரிக்காவில் அக்லாண்டு, அகிரே, பெனற் ஆகியோருங் குழுவினரும், தீங்கற்ற வைரசு ஒன்றன் மூலம் நல்ல பரம்பரையலகை மூன்று நாய்களின் விழித்திரைக்கு அடியிற் செலுத்தி, பார்வை மீண்டதை 2001இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றாகிய இலான்சிலொற் அந்நாட்டுச் சட்டமன்றத்தார் முன்னிலையிலும் நின்றது. மனிதருக்குச் செய்த முதற் சோதனைகளின் பேறுகள் 2008இல் வெளிவந்தன; 2017 திசெம்பரில் அம்மருந்துக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரங் கிடைத்தது.

நாய் பார்க்கின்றது என்று அன்பினாற் சொல்வது வேறு. அளந்து சொல்வது வேறு. தடைகளைக் கடந்து நாய் நடந்தமையோடு, முன்னர் எழாத மின்னலை எழுந்தமையுஞ் சேர்ந்தே அம்மருத்துவத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. பிள்ளையின் கண்ணில் ஊசியேற்ற ஒரு தாய் இசைவதற்கு இத்தகைய சான்று வேண்டியதன்றோ? தவளையின் விழியில் ஒல்ம்கிரென் கண்ட சிறு மின்மாற்றம் எதற்குப் பயன்படுமென அன்று எவரும் அறிந்திலர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் அது குருட்டுக் குழந்தைக்கு ஒளியூட்ட உதவிற்று. இடையே இருளில் வாய்பேசாது கிடந்த நாய்களுக்கும் நாம் கடப்பாடுடையோம்.