வீட்டுக் குரல்பதிவு: ஒலிவாங்கியும் முன்பெருக்கியும்

பாடுபவரின் குரலை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகாமல், குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையிலேயே பதிவு செய்வது வீட்டுக் குரல்பதிவு. குரலை மின்னலையாக மாற்ற ஒலிவாங்கி, அதாவது மைக், வேண்டும். அந்த நலிந்த மின்னலையைத் தூக்கிவிட முன்பெருக்கி வேண்டும்; பாடுபவர்கள் இதை பிரீஆம்ப் என்பார்கள். பிறகு அதை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்ப ஒரு கருவி வேண்டும். பின்னிரண்டும் இப்போது இன்டர்ஃபேஸ் என்ற ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. இவற்றோடு அறையையும் ஒரு கருவியாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இன்று ஒருவர் படுக்கையறையில் பாடிப் பதிவு செய்ய நினைத்தால், அவருக்குப் பின்னால் அந்த ஊருக்கே உரிய ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அங்கிருந்து அதிக தொலைவில்லாத ஏற்காடு சாலையில்தான், திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சென்னைக்கு வெளியே படப்பிடிப்புத் தளமும் ஒலிப்பதிவு வசதியும் ஒரே வளாகத்தில் அமைந்த நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அங்கே உருவானது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்தன.

மைக் வருவதற்கு முந்தைய காலத்தையும் சொல்ல வேண்டும். 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது மைக்கும் கிடையாது, பெருக்கியும் கிடையாது. பாடகி ஒரு பெரிய குழலின் வாய்க்குள் பாட வேண்டும். குரலின் விசை மட்டுமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளில் பெரும்பகுதி அதில் ஏறவே ஏறாது. மூச்சும் ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் இழைவும் போயே போகும். ஓங்கிய குரல் இருந்தவர்தான் இசைத்தட்டில் நின்றார். நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகியவர்களுக்கு இது புதிய சோதனையாகவும் இல்லை.

1925இல் மின்பதிவு வந்து இதை மாற்றியது. அதற்கு வழிவிட்டது 1916இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஈ. சி. வென்ட்டே செய்த கண்டென்சர் மைக். மெல்லிய உலோகத் தகடு ஒன்று இன்னொரு தகட்டுக்கு எதிரே அதிரும். இடைவெளி மாற மாற மின்தேக்கமும் மாறும். ஆனால் அந்தச் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. சில அடி கம்பியைக் கடப்பதற்குள்ளேயே கரைந்துவிடும். எனவே மைக்கின் உடலுக்குள்ளேயே அல்லது பக்கத்திலேயே ஒரு வால்வு பெருக்கி தேவைப்பட்டது. நல்ல மைக்கும் முன்பெருக்கியும் இப்படிச் சேர்ந்தே பிறந்தவை. இன்றும் கண்டென்சர் மைக் எதை வாங்கினாலும் அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கும். இன்டர்ஃபேஸில் இருப்பது இரண்டாவது பெருக்கி.

மைக் பாடுபவரின் தொண்டையையும் மாற்றியது. இதற்கு மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களிலிருந்தே சான்று எடுக்கலாம். 1940இல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா தானே நடித்து, தானே பாடினார். நாடக மேடையில் வளர்ந்த திறந்த குரல் அது. 1956இல் அதே நிறுவனம் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பின்னணியில் பாடியவர்களில் ஒருவர் ஏ. எம். ராஜா. அவர் குரல் காதருகே பேசுவது போல மென்மையானது. மைக் இல்லாத மேடையில் அந்தக் குரல் மூன்றாவது வரிசையைக்கூடத் தொட்டிருக்காது என்பது என் துணிபு. 1938இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ தமிழில் தொடங்கி வைத்த பின்னணிப் பாடல் முறையும் நெருங்கி நின்று பாட இடம் கொடுத்த மைக்கும் சேர்ந்துதான் ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்ற மென்குரல் பாடகர்களுக்கு வழி திறந்தன.

இதே காலகட்டத்தில் உலகம் முழுக்கப் பேர்பெற்ற மைக்குகள் வந்தன. ஆர்.சி.ஏ.வின் 44 வகை ரிப்பன் மைக் 1930களுக்கு உரியது. ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1949இல் யூ47ஐயும், வால்வை விடுத்து டிரான்சிஸ்டரோடு 1967இல் யூ87ஐயும் கொண்டுவந்தது. 1966இல் ஷூர் எஸ்.எம்.58 மேடைக்கு வந்தது. அடிபட்டாலும் கீழே விழுந்தாலும் வேலை செய்யும் டைனமிக் (காந்தத்தில் கம்பிச்சுருள் அசையும் வகை) மைக் அது. அதே ஆண்டு நாய்மன், நார்வே வானொலிக்காக 48 வோல்ட் மின்சாரத்தை மைக் கம்பியிலேயே அனுப்பும் முறையை அமைத்தது. இன்டர்ஃபேஸின் முகப்பில் ‘48வி’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது அப்போது வந்தது. முன்பெருக்கிகளில் ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073க்கு இன்றும் பக்தர்கள் உண்டு. நம் ஊர் மேடைகளிலும் கோயில் பந்தல்களிலும் ஒலித்ததோ 1940இல் தொடங்கிய அஹுஜாவின் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும்தான்.

பதிவு வீட்டுக்குள் வந்த கதைக்குத் தமிழகத்தில் முதன்மையான சான்று ஏ. ஆர். ரஹ்மான். 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற கூடத்தை அமைத்தார். 1992இல் வந்த ‘ரோஜா’வின் பாடல்கள் அங்கேதான் உருவெடுத்தன. பெரிய கூடத்தில் வாத்தியக் குழு முழுவதையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிவு செய்யும் வழக்கத்துக்கு மாற்றாக, குரலைத் தனியே, பொறுமையாக, அடுக்கடுக்காகப் பதிவு செய்யலாம் என்பதை அந்தப் படம் நாட்டுக்கே காட்டியது. ஆனால் அது வீட்டோடு சேர்ந்த கூடம். ஒலித் தடுப்பெல்லாம் முறையாகச் செய்தது. சாதாரண வீட்டு அறைக்கு வழி வந்தது அதற்குப் பின்புதான். 2002இல் எம்பாக்ஸ் போன்ற சிறிய இன்டர்ஃபேஸ் பெட்டிகளும், 2011இல் ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் வரிசையும் வந்தன. ஃபோகஸ்ரைட்டை 1985இல் தொடங்கியவரும் அதே ரூபர்ட் நீவ்தான்.

இனித் தேர்வு. இங்கே எண்கள் பேசட்டும். அளவிடும்போது மைக்குக்குப் பதிலாக வைக்கப்படும் 150 ஓம் மின்தடை ஒன்று, வெறும் வெப்பத்தினாலேயே எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய −131 டெசிபல் (dBu). இதற்குக் கீழே எந்த முன்பெருக்கியாலும் போக முடியாது. இயற்கை போட்ட வரம்பு அது. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற எளிய பெட்டியின் அளவு −128. ஆகவே எத்தனை லட்சம் கொட்டி முன்பெருக்கி வாங்கினாலும் இரைச்சலில் மிச்சமாவது சில டெசிபல்தான். பாடுகிறவர் மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்பதை விட்டு அரையடிக்கு வந்தால், குரல் 6 டெசிபல் உயரும். அறையின் சத்தமோ அப்படியே இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் லாபம் இது. விலையுயர்ந்த முன்பெருக்கியின் நிறம், சுவை என்று சொல்லப்படுவதெல்லாம் மெய்தான். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய செலவு.

மைக்கிலும் இதே பார்வை வேண்டும். ரோட் என்.டி.1-ஏ கண்டென்சரின் சொந்த இரைச்சல் 5 டெசிபல்தான். மின்விசிறி ஓடும் அறையில் அது கணக்கிலேயே வராது. மேலும் கண்டென்சர் மைக் தெருவின் ஹாரனையும் பக்கத்து வீட்டு மிக்சியையும் விடாமல் கேட்கும். டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடினால் அறை பின்வாங்கும். ஆனால் அதற்கு முன்பெருக்கியில் பலம் வேண்டும். ஷூர் எஸ்.எம்.7பி மிகக் குறைந்த மின்னழுத்தமே தருவதால் மெல்லப் பாடுகிறவர்களுக்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின், அதாவது பெருக்கும் அளவு, தேவைப்படும். ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறையில் இருப்பது 56. முன்பெருக்கியின் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. இளம்பிள்ளை, பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியின் தடதடப்பு சுவர் வழியாகவே வரும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் உண்டு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது குழாய் ஸ்பீக்கர் ஒலிக்காத நேரம் தேடித்தான் பாட வேண்டும். தறிச் சத்தத்தின் அடியொலி கெட்டியான சுவரையும் ஊடுருவும். மெத்தையும் துணியும் அதைத் தடுக்காது. அப்படிப்பட்ட வீட்டில் டைனமிக் மைக்கே சரி. ஃபேர்லேண்ட்ஸின் உள்தெருவில், இரவில், ஜன்னலை அடைத்துப் பாடக்கூடியவர் கண்டென்சர் வாங்கலாம். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் குரலை எதிரொலித்துத் திருப்பியடிக்கும். அதற்கு மட்டும் இலவம்பஞ்சு மெத்தையும் துணிகள் நிறைந்த அலமாரியும் உண்மையாகவே உதவும். இதய வடிவத்தில் ஒலி வாங்கும் மைக்கின் பின்புறம் செவிடு. அந்தப் பக்கத்தை ஜன்னலை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை ‘ஹம்’ என்னும் முரல்வு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; எர்த் இல்லாத பிளக்கில் மடிக்கணினி சார்ஜரைச் செருகியபடி பதிவு செய்தால் அந்த முரல்வு குரலுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் இன்னும் கரகரக்கும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியிலேயே ஒரு டேக் பாடிப் பார்ப்பது பல ஆயிரம் ரூபாய் முன்பெருக்கி மாற்றத்தைத் தவிர்த்துவிடும். பலர் மைக்கை மாற்றிய பிறகுதான் பிளக் பாயிண்டைப் பார்க்கிறார்கள்.

மைக் வாங்கக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பாடப்போகும் அறையில், பாடப்போகும் நேரத்தில், விசிறியை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்து காதுக் கருவியில் கேளுங்கள். அதில் தறியோ, தெருவோ, எதிரொலியோ எது முதலில் கேட்கிறதோ, அதற்குத் தக்க மைக்கை வாங்குங்கள். முன்பெருக்கிக்கு இப்போதைக்கு இன்டர்ஃபேஸில் இருப்பதே போதும்.