லயத்து முதியோரும் எட்டாத வைத்தியமும்: கண்டிப் பிரதேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கூலி, குடியுரிமை, வாக்குரிமை, தொழிற்சங்கம் என்பவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். உழைத்து ஓய்ந்தவர் தம் இறுதிக் காலத்தை எவ்வாறு கழித்தார் என்ற வினா அவ்வாராய்ச்சிகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் வீட்டினுள் முடங்கிய முதியோரை வருத்தும் இடர்களுள் முதன்மையானவை இரண்டு: கால் தவறி விழுதலும் மனச்சோர்வும். இவற்றை முதுமையின் இயல்பு என்று கூறி அமைதல் பொருந்தாது. இவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு.

உழைக்கும் உடலுக்கான வைத்தியம்

1820களிற் கம்பளைப் பகுதியில் வேரூன்றிய கோப்பிச் செய்கையும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கையும் தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பிலேயே வளர்ந்தன. அவர்களிடையே நோயும் சாவும் மலிந்திருந்த நிலையில், 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நோயுற்ற தொழிலாளி விரைவில் மலைக்குத் திரும்பவேண்டும் என்பதே அக்காலத் தோட்ட வைத்தியத்தின் உட்கிடக்கை எனலாம். தோட்ட மருந்தகம், மருத்துவமாது, பிள்ளைமடுவம் ஆகிய யாவும் இந்நோக்கத்தைச் சுற்றியே அமைந்தன. செக்றோலிற் பெயர் உள்ளவரை தோட்டம் ஒருவரை அறியும். பெயர் நீங்கியபின் அவர் லயத்தில் வாழும் ஒருவர் மட்டுமே. 1958இன் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியும் ஓய்வின்போது மொத்தத் தொகையாகவே கிடைத்தது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியமாக அன்று.

படிகளும் பீலிக்கரையும்

லயத்தின் அமைப்பும் உழைப்பவரின் கால்வலிமையை நம்பியே வகுக்கப்பட்டது. சரிவான நிலத்தில் வரிசையாக அமைந்த காம்பராக்கள், முன்னே ஓர் இஸ்தோப்பு, தண்ணீருக்குப் பீலிக்கரை, புறத்தே சற்றுத் தொலைவில் மலசலகூடம். கொழுந்துக் கூடையுடன் மலையேறிய கால்களுக்குப் பொருட்டாகத் தோன்றாத கற்படிகள், எழுபது வயதில் மழையும் பாசியும் இருளும் சேர்ந்தபொழுது பெருந்தடையாகின்றன.

ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழ அஞ்சி உள்ளேயே இருந்துவிடுகிறார். நடை குறையக் கால்தசை தளர்கிறது. தளர்ந்த கால் மீண்டும் இடறுகிறது. அயலார் முகம் காணாத மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் உணவிலும் நடையிலும் நாட்டமிழக்கிறது. எனவே விழுதலும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஒன்றை விடுத்து மற்றதற்கு மட்டும் மருந்து தேடுவது பயன் தராது.

பிரிந்த குடும்பம்

முதியோரின் தனிமைக்கு அரசியலும் காரணமாயிற்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பங்கீட்டில் உடன்பிறந்தாரும் பெற்றார் பிள்ளைகளும் கடலின் இரு கரைகளிலும் நிற்க நேர்ந்தது. பிற்காலத்தில் இளைஞர் கொழும்புக்கும் பெண்கள் மத்திய கிழக்குக்கும் தொழில் தேடிச் சென்றனர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றாரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு வலியுறுத்துகின்றது. ஆயின், கடமையை உணர்ந்த பிள்ளையே தொலைவில் இருப்பின் சட்டம் என் செய்யும்?

வாசலைத் தேடிவரும் துணை

உளநோய் பற்றிய 1873இன் கட்டளைச் சட்டக் காலந்தொட்டு, உளமருத்துவம் நெடுங்காலம் கொழும்பை அண்டிய பெரிய மனைகளிலேயே அடங்கிக் கிடந்தது. துயருற்றோரின் சொல்லைச் செவிமடுக்கும் சுமித்ரயோ 1974இல் தோன்றியபோது, தொலைவிலிருந்து வரும் குரலும் துணையாகலாம் என்ற எண்ணம் இந்நாட்டிற் கால்கொண்டது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் அதே வழியில் வந்தது. 2020இற் கொவிட் முடக்கத்தின்போது அரச வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகள் தபால் ஊழியரால் வீடுதோறும் சேர்க்கப்பட்டன. வைத்தியம் நோயாளியின் வாசலுக்கு வரக்கூடும் என்பதற்கு இஃது அண்மைய சான்று.

பிறநாட்டு அனுபவமும் இதனை வலியுறுத்தும். அமெரிக்காவில் மேரி டினெற்றி குழுவினர் எழுபது வயது கடந்தோரின் வீடுகளுக்குச் சென்று மருந்து, நடை, வீட்டமைப்பு ஆகியவற்றைச் சீர்செய்தனர். ஓராண்டில் விழுந்தோர் பிறரில் 47 சதவீதமாக இருக்க, இவர்களில் 35 சதவீதமே என 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. கோவாவில் மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் ஆலோசகர்கள் முதியோரின் மனச்சோர்வை முன்கூட்டியே தடுக்க உதவினர் என்பது 2018இல் வெளியான ஆய்வின் முடிவாகும்.

இத்தகைய பணி இலங்கைக்குப் புதிதன்று. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே, மருத்துவமாது வீடுதேடிச் சென்று தாயையும் சேயையும் காத்த மரபு இந்நாட்டின் பெருமை. தோட்டங்கள் நெடுங்காலம் அம்முறைக்குப் புறம்பாகவே இருந்தன. பின்னர் அங்கும் அக்காலடி பதிந்தது. தொட்டிலுக்கு அருகே வந்த அக்காலடி, அதே காம்பராவின் மறுமூலையிற் கிடக்கும் கட்டிலருகேயும் வரவேண்டும். பயிற்சி பெற்ற லயத்து இளைஞர் ஒருவரின் வாராந்த வருகை, வைத்தியருடன் தமிழிற் பேச ஒரு தொலைபேசி, கற்படியோரம் ஒரு கைப்பிடி, மலசலகூட வழியில் ஒரு விளக்கு ஆகியவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. ஒன்றரை நூற்றாண்டாக உழைக்கும் உடலை மட்டுமே கணக்கிட்ட ஏட்டில், உழைத்து ஓய்ந்தவரின் பெயரையும் எழுதும் மனமே வேண்டப்படுவது.