தேடுசொல்லும் ஆய்வு நேர்மையும்: தமிழ் மின்னூலகங்களில் வினவல் அமைக்கும் முறை

முன்னுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் உருவான தமிழ் விக்கிப்பீடியா, 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் ஆகியவை தமிழாய்வுக்கான மூலங்களை வீட்டு மேசைவரை கொண்டுவந்துவிட்டன. இவற்றில் தேடிய ஆய்வாளர் ஒருவர் 'இப்பொருள் குறித்துத் தரவு இல்லை' என்று எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் கூறுவது மூலங்களைப் பற்றியா, தாம் தட்டிய சொல்லைப் பற்றியா? வினவலைக் காட்டாதவரை இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எனவே வினவல் அமைப்பதை ஆய்வு முறையியலின் ஓர் உறுப்பாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேடுபொறியின் இயல்பு

ஒரு தளத்தினுள் இயங்கும் எளிய தேடுபொறி நம் கேள்வியின் பொருளை ஆராய்வதில்லை. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று முன்கூட்டியே தொகுத்த அடைவில் நாம் தரும் சொல்லை ஒப்பிடுகிறது. தொகுப்பில் அரிதாக வரும் சொல்லுக்கு மிகுந்த எடை தர வேண்டும் என்பதைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் நிறுவினார். இன்றும் பல தேடுபொறிகளின் தரவரிசை இக்கருத்தின்மீதே நிற்கிறது.

ஆகவே 'பழங்காலத்தில் ஏரிப் பாசனம் எவ்வாறு நிர்வகிக்கப்பட்டது' என்ற முழு வாக்கியம் நல்ல வினவல் ஆகாது. 'பழங்காலத்தில்', 'எவ்வாறு' போன்ற சொற்கள் பயனின்றி இடத்தை அடைக்கின்றன. 'ஏரி வாரியம்', 'மதகு', 'தூம்பு', 'குடிமராமத்து' என்பவை அப்பொருளைப் பற்றி எழுதியவர் கையாண்டிருக்கக்கூடிய சொற்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை விளக்கும் பக்கத்தில் 'ஏரி வாரியம்' இருக்கும். 'நீர் மேலாண்மைக் குழு' இல்லாமல் போகலாம். நம் கேள்வியின் சொல்லை விடுத்து, விடை எழுதப்பட்டிருக்கும் சொல்லைத் தேட வேண்டும்.

வட்டார வழக்கும் இங்கே முதன்மை பெறுகிறது. மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் 'கண்மாய்' என்பர். ஈழத்தில் 'குளம்' என்பர். 'ஏரி' என்று மட்டும் தேடுபவருக்கு இவ்விரு பகுதிகளின் தரவும் பெரும்பாலும் கைநழுவும்.

தமிழுக்கே உரிய இடர்கள்

வேற்றுமை ஏற்கும்போது 'குளம்' என்ற வடிவம் மறைந்து 'குளத்தை', 'குளத்தில்', 'குளங்கள்' என்றாகிறது. சொல்லடியைப் பிரித்தறியாத தேடுபொறியில் 'குளம்' இவற்றைக் கொணராது. உடுக்குறியை ஏற்கும் தளத்தில் 'குள*' என்று தந்தால் குளவியும் குளிரும் குளியலும் சேர்ந்து வரும். ஒருங்குறியில் 'ளி' என்பது ளகரத்துடன் இகரக் குறி சேர்ந்த தொடரே. 'குளம்', 'குளத்த*', 'குளங்க*' என்று மூன்றாகத் தேடுவதே முறை. இரண்டாவதில் 'குளத்தூர்' என்ற ஊர்ப்பெயரும் வரும். அதைக் கழித்தல் குறியால் விலக்கலாம். ஆனால் குளத்தூரில் உள்ள குளத்தைப் பற்றிய பக்கமும் அதனுடன் போய்விடும். துல்லியத்தைக் கூட்டும்போது முழுமை குறையக்கூடும் என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

மேற்கோள் குறிக்குள் தொடரைத் தேடும்போது ஒற்றுமிகுதி குறுக்கிடுகிறது. 'ஏரிப் பாசனம்', 'ஏரிப்பாசனம்', 'ஏரி பாசனம்' மூன்றும் பொறிக்கு வெவ்வேறானவை. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர்கள் பலர். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் குறியீட்டில் அது வேறு சொல். 'டொராண்டோ' என்று தேடுபவர் ஈழத்தவர் எழுதும் 'ரொறன்ரோ'வையும் தேட வேண்டும். வருடிய படிமமாக மட்டும் உள்ள நூலின் உள்வரிகளை எந்த வினவலும் எட்டாது. அங்கே ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவையே வழி.

மறுப்பும் விடையும்

பொருளுணர்ந்து தேடும் புதிய பொறிகள் வந்துவிட்டதால் இவ்வளவு கவனம் தேவையில்லை என்று வாதிடலாம். பொது வாசகருக்கு அது ஓரளவு பொருந்தும். அவருக்கு நல்ல விடை ஒன்று கிடைத்தால் போதும். ஆய்வாளருக்கோ கிடைக்கத்தக்க அனைத்தும் வேண்டும். எது விடுபட்டது என்றும் தெரிய வேண்டும். ஏன் இந்தப் பக்கத்தைத் தந்தது என்று காட்டாத பொறியின் மௌனத்தை 'இல்லை' என்பதற்குச் சான்றாக வைக்க முடியாது.

முடிவுரை

மருத்துவத் துறையின் முறைசார் மீளாய்வுகளுக்கான பிரிஸ்மா 2020 நெறிமுறை, தேடிய ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் தளத்திற்கும் உரிய முழுத் தேடல் உத்தியையும் வெளியிடக் கோருகிறது. தமிழாய்வுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். தேடிய தளம், நாள், தேடுசொற்களின் எல்லா வடிவங்களும், விலக்கிய சொற்கள் ஆகியவற்றை ஆய்வேட்டின் முறையியல் இயலில் தர வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதை ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் சேர்க்க முன்வர வேண்டும். வினவல் இணைக்கப்படாத 'கிடைக்கவில்லை' என்ற கூற்றை நெறியாளர்கள் ஏற்கக் கூடாது.