தொடக்க நிறுவனமும் முதல் நிரல்மொழியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

இணையத்தில் புதுத் தொழில் தொடங்க நினைக்கும் இளையோர் முதலில் கேட்பது, "எந்த நிரல்மொழி நல்லது?" என்பதுதான். வரலாற்றைப் பார்த்தால், கேள்வியையே கொஞ்சம் மாத்திக் கேட்கத் தோன்றுகிறது: "நம் கைக்குப் பழகிய மொழி எது?"

பின்னணி

இணையம் பரவுவதற்கு முன், மென்பொருள் பெரும்பாலும் வாங்கியவரின் கணினியில்தான் இயங்கியது. அந்தக் கணினிக்கு ஒத்துவரும் மொழியில் எழுத வேண்டிய கட்டாயம். இணையச் செயலி வந்ததும் நிலைமை மாறியது. நிரல் நிறுவனத்தின் சர்வரில் ஓடும். பயனருக்கு உலாவி இருந்தால் போதும். உள்ளே என்ன மொழி என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இரண்டு சான்றுகள்

1995இல் அமெரிக்காவில் பால் கிரகாமும் ராபர்ட் மோரிஸும் வயாவெப் நிறுவனத்தைத் தொடங்கினர். கடைக்காரர்கள் உலாவி வழியாகவே இணையக் கடை அமைக்க உதவும் செயலி அது. தொழில்துறையில் அதிகம் புழங்காத லிஸ்ப் மொழியை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். கிரகாம் லிஸ்ப் பற்றி நூலே எழுதியவர். அதனால் புதிய வசதிகளை விரைந்து சேர்க்க முடிந்தது. 1998இல் யாஹூ ஏறக்குறைய 4 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வயாவெப்பை வாங்கியது. பிறகு அதை சி++, பெர்ல் மொழிகளில் திருப்பி எழுதியது.

2004இல் ஹார்வர்ட் மாணவர் விடுதியில் பிறந்த ஃபேஸ்புக் நேர்மாறானது. அதன் மொழி, எல்லாருக்கும் எளிதில் கிடைத்த பிஎச்பி. பயனர்கள் பெருகியதும் சர்வர்களுக்குச் சுமை கூடியது. பிஎச்பி நிரலை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப்பை 2010இல் வெளியிட்டார்கள். 2014இல் ஹேக் என்ற சொந்த மொழியே வந்துவிட்டது.

நாம் காண்பது

ஒன்று அரிய மொழி, மற்றது பொது மொழி. இரண்டுக்கும் பின்னால் செலவு வந்தது. ஆனால் அது வெற்றிக்குப் பிறகு, பணமும் ஆளும் இருந்தபோது வந்த செலவு. தொடக்கத்தில் பணம் கரைவதற்குள் பொருளைப் பயனர் கையில் சேர்ப்பதே முக்கியம். அதற்குப் பழகிய மொழிதான் கைகொடுக்கும். அரிய மொழியில் ஒரு சிக்கலும் உண்டு: வேலைக்கு ஆள் தேடுவது சிரமம்.

மாணவர்களே, கட்டுரை எழுதும்போது, "லிஸ்ப் சிறந்தது, அதனால் வயாவெப் வென்றது" என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. மொழி ஒரு காரணம் மட்டுமே. காலமும் சந்தைத் தேவையும் உடன் நின்றன. அதே மொழிகளை எடுத்துத் தோற்றவர்களின் கதை நம்மிடம் அவ்வளவாக வந்து சேர்வதில்லை. வென்றவர்களை மட்டும் வைத்து விதி எழுதினால், அது பாதி வரலாறுதான்.