குதிர், கிஸ்தி, சிறுவாடு: மதுரைச் சமவெளியில் ரொக்கத்தின் கதை

மாதத் தொடக்கத்தில் சம்பளத்தைப் பிரித்து மளிகைக்கு ஓர் உறை, பாலுக்கு ஓர் உறை, வாடகைக்கு ஓர் உறை எனப் போட்டுவைக்க வேண்டும். உறை காலியானால் செலவையும் நிறுத்திவிட வேண்டும். கடன் அட்டையைத் தொடலாகாது. ரொக்கத்தைக் கொண்டே குடும்பம் நடத்த விரும்புவோர்க்கு இன்று சொல்லப்படும் அறிவுரை இது. கடல் கடந்து வந்த புதுமைபோல் இதனைப் பேசுகின்றனர். நம் பாட்டிமார் உறைக்குப் பதிலாக அஞ்சறைப் பெட்டியையும் அரிசிப் பானையையும் பயன்படுத்தினர் என்பதன்றி வேறொரு வேறுபாடும் நமக்குத் தென்படவில்லை. இம்முறையின் நன்மை தீமைகளை அடுக்குவோர் ஒரு வினாவை மட்டும் எழுப்புவதில்லை. அந்த ரொக்கம் யார் கையில், எந்த மாதத்தில் இருக்கிறது? மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் முன்வைத்து இவ்வினாவைச் சற்றுப் பின்னோக்கிக் கொண்டு செல்ல விழைகிறோம்.

காசு மதுரைக்குப் புதிதன்று. வைகை மணலில் உரோமானியச் செப்புக்காசுகளே கிடைத்திருக்கின்றன. மீன் பொறித்த பாண்டியர் காசுகளுக்கும் குறைவில்லை. எனினும் கடைவீதியில் காசு புழங்கியதைக் கொண்டு, உழவன் வீட்டுக் கணக்கும் காசில்தான் நடந்தது என்று கொள்ளலாகாது. அவ்வீட்டின் கருவூலம் குதிர். விளைச்சல் களத்துமேட்டிலேயே மேல்வாரம், குடிவாரம் எனப் பிரிந்தது. மடை திறந்து நீர் பாய்ச்சியவர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், கலப்பை செய்து தந்தவர் ஆகியோர்க்குரிய பங்கும் அங்கேயே அளந்து கொடுக்கப்பட்டது. அறுத்தவர்க்குக் கூலி நெல். அந்த அமைப்பில் சாதியின் கொடுமையும் அளவையில் செய்த வஞ்சகமும் இருந்தன. அதனைப் பொற்காலமாகப் பாட நாம் முற்படவில்லை. ஆயினும் ஒரு செய்தி நோக்கத்தக்கது. கூலியாக வந்த நெல்லைக் குத்திப் புடைத்து உலையில் இடுபவள் பெண். நெல் எப்படியும் அடுப்புக்கு வந்து சேர்ந்துவிடும். காசோ வரும் வழியிலேயே நின்றுவிடக்கூடும்.

1801 இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பெனியிடம் சென்றது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803 இல் ஜமீன்களாக நிலைபெற்றன. மதுரைப் பகுதியின் பெரும்பாலான சர்க்கார் ஊர்கள் நாளடைவில் இரயத்துவாரி முறையின்கீழ் வந்தன. நிலத்தில் என்ன விளையும் என்று மதிப்பிட்டு, பஞ்சமில்லாத 20 ஆண்டுகளின் சராசரி விலையால் அதனைப் பெருக்கி, சாகுபடிச் செலவைக் கழித்து, எஞ்சியதில் ஏறத்தாழப் பாதியைத் தீர்வையாக விதிப்பது பின்னாளில் சென்னை மாகாணம் கைக்கொண்ட வழி. காகிதத்தில் பார்த்தால் குறை காண்பது அரிது. சர்க்காருக்கு நெல் வேண்டாம், ரூபாய் வேண்டும். உழவனும் முன்கூட்டியே தொகையை அறிந்துகொள்கிறான்.

இடர் காலத்தில் இருந்தது. கிஸ்தித் தவணைகள் அறுவடையை ஒட்டி வந்தன. ஊர் முழுதும் ஒரே வாரத்தில் நெல்லை ரூபாயாக மாற்றியாக வேண்டும்; எல்லோரும் விற்கும்போது விலை சரியும். அப்போது மலிவாக விற்ற நெல்லையே ஆடியிலும் ஆவணியிலும் குதிர் காலியான பின்பு உயர்ந்த விலைக்கு வாங்க நேரும். நெல்லைப் பிடித்துவைத்து விலை ஏறும்வரை காத்திருக்க வல்லவனுக்குக் கிஸ்தி ஒரு தொல்லையே அன்று. காத்திருக்க இயலாதவனுக்கோ அதுவே பத்திரம் எழுதும் நாள். ரொக்கத்தை மட்டுமே ஏற்றுக்கொண்ட ஓர் ஏற்பாடு, அவ்வாறு, கடனுக்கு வாயிலாயிற்று. உறை முறையைப் போற்றுவோர் ரொக்கம் கடனைத் தடுக்கும் என்பர். மாதந்தோறும் ஊதியம் பெறுபவர்க்கு அது பொருந்தும். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வருமானம் காண்பவனுடைய உறை ஆண்டில் பாதி நாள் வெற்றுறையாகவே கிடக்கும்.

1929 க்குப் பின் வந்த பெருமந்தம் இதனை வெட்டவெளிச்சமாக்கியது. சில ஆண்டுகளுக்குள் நெல்விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. தீர்வையோ ரூபாயில் நின்றது. பத்திரக் கடனும் ரூபாயில் நின்றது. ஒரு மூட்டை விற்றுக் கட்டிய தொகைக்கு இரு மூட்டை விற்கவேண்டிய நிலை. 1931 இல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபின் தங்கத்தின் விலை ஏறியது. அப்போது இந்தியக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய தங்கத்தில் தமிழ்ப் பெண்களின் கழுத்திலும் காதிலும் கிடந்ததும் உண்டு. கடன் கொடுத்தவரும் தப்பவில்லை. சமவெளியின் கிழக்கே செட்டிநாட்டிலிருந்து சென்று பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார்க்குத் திரும்பி வந்தது ரொக்கமன்று, நிலம். பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த சாகுபடி நிலம் 1930 இல் 6 விழுக்காடாக இருந்து 1938 இற்குள் 25 விழுக்காடாயிற்று. விற்கவும் முடியாது, ஊருக்குத் தூக்கிவரவும் முடியாது. அதே 1938 இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டிவிட்ட பழைய கடன் தீர்ந்ததாகும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று.

இதுவரை சொன்னதைக் கொண்டு ரொக்கத்தைப் பகையாகக் கருதிவிட வேண்டா. மதுரை இரயில் நிலையத்தருகே ஹார்வி சகோதரர் நிறுவிய மதுரை மில் 1890களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. சமவெளிச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் அங்கே கண்டது வேறொரு பஞ்சாங்கம். தையும் ஆடியும் போய், சம்பளத் தேதி வந்தது. தொழிலாளிக்கு ரொக்கமாகக் கூலி தருவதன் அருமை, அது மறுக்கப்பட்ட இடங்களை நோக்கினால்தான் விளங்கும். இங்கிலாந்தில் முதலாளி தன் கடைப் பண்டத்தையோ தன் சீட்டையோ கூலியாகத் தள்ளிவிடும் வழக்கத்தை ஒடுக்க 1831 இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நம்மவர் சென்ற இலங்கைத் தோட்டங்களில் அரிசியைக் கணக்கில் கொடுத்துக் கூலியில் கழித்தனர். தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவரைத் தோட்டம்விட்டுத் தோட்டம் துரத்தியது. 1921 வரை அம்முறை நீடித்தது. இங்கே 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலி முழுவதையும் செலாவணியிலுள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் தரவேண்டும் என்றது. ஆயிரம் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்தில் 7 ஆம் நாளுக்குள், பெரிய ஆலையில் 10 ஆம் நாளுக்குள் தந்தாக வேண்டும் எனத் தவணையும் வைத்தது. காசோலையோ வங்கிக் கணக்கோ தொழிலாளியின் எழுத்துமூல இசைவோடு நுழைந்தது 1976 இல்தான். பண்டத்தால் கட்டப்படாத, எந்தக் கடையிலும் மாற்றத்தக்க காசு என்பது அந்நாளில் ஒரு விடுதலை. நெல்லை ரூபாயாக்க இயலாமல் தவித்தவனின் பேரன், ரூபாயை எதுவாகவும் ஆக்கிக்கொள்ள முடிந்தது. அதே ரூபாய் மில் வாசலிலேயே வட்டிக்காரனிடம் கைமாறியதையும் மறைப்பதற்கில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். மதுரைப் பக்கத்துப் பெண்டிர் ‘சிறுவாடு’ என்று ஒரு சொல் வழங்குவர். பால் விற்றது, கோழி முட்டை விற்றது, கொடுத்த செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்தது ஆகியவற்றைக் கணவன் அறியாமல் சேர்த்துவைப்பதே சிறுவாடு. முந்தானை முடிச்சு, சுருக்குப்பை, பருப்பு டப்பா, மண் உண்டியல் என்று அதற்கு இருப்பிடம் பல. பிள்ளைக்குப் பரீட்சைப் பணம், மகளுக்குத் தோடு, திடீர்க் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அதிலிருந்தே எடுத்தனர். பொருளியல் நூல்கள் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியதில்லை. எனினும் ரொக்கத்தின் மேன்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்றே கருதுகிறோம். பெயரில்லாத பணம் என்பதால்தான் அது அவளுடையதாக இருக்க முடிந்தது.

அந்தப் பெயரின்மையே 2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு வினையாயிற்று. புழக்கத்திலிருந்த தொகையில் 86 விழுக்காடாகிய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. மாற்றிக்கொள்ள டிசம்பர் 30 வரை தவணை. குடும்பப் பெண்கள் இரண்டரை லட்சம் வரை செலுத்தினால் விசாரணை இராது என்று மத்திய அரசு அறிவித்தது. சிறுவாட்டுக்காரிக்கு அரசின் விசாரணையா அச்சம்? ஒளித்த நோட்டை வெளியே எடுத்துத் தன் வீட்டாரிடம் காட்டும்படி ஆயிற்றே என்பதே துன்பம். ஒரு முறை வெளிப்பட்ட தொகை மீண்டும் பருப்பு டப்பாவுக்குத் திரும்புவதில்லை. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு மாநிலத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்தது. செல்லாதென அறிவித்த நோட்டுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி பின்னர்க் கணக்குக் காட்டிற்று. கறுப்புப் பணம் எங்கே ஒளிந்தது என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம். பருப்பு டப்பாக்கள் வெளிப்பட்டன என்பதில் ஐயமில்லை.

கையிருப்பும் வேண்டும், அது ஒருத்தியின் ஒளிவிடத்தில் தனித்துக் கிடக்கவும் கூடாது என்னும் சிக்கலுக்கு இச்சமவெளியிலேயே ஒரு விடை பிறந்திருந்தது. 1990 அளவில் மதுரைச் சிற்றூர்களில் வேர்கொண்ட களஞ்சியம் குழுக்களை நினைக்கிறோம். பெயரே குதிரின் உறவு. பெண்கள் சிறுதொகையைக் கூட்டத்தில் அனைவரும் காண எண்ணிவைத்து, ஏட்டில் எழுதி, தமக்குள் கடன் கொடுத்துக்கொண்டனர். அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை இவ்வியக்கத்தின் முகமானார். பள்ளிப் படிப்பில்லாத அக்கூலி உழைப்பாளியின் கால்களை, ஸ்திரீ சக்தி விருது வழங்கும் விழாவில் பிரதமர் வாஜ்பாயி தொட்டு வணங்கினார். 2019 இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. சிறுவாட்டிற்கும் களஞ்சியத்திற்கும் இடையே இருப்பது ஓர் ஏடுதான். எழுதிய பணத்திற்குச் சாட்சி உண்டு; ஆனால் எழுதியதை எல்லோரும் படிப்பர்.

மொய்யும் அவ்வாறே. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரொக்கமாக வந்த மொய்யை நோட்டில் எழுதிவைத்து, தந்தவர் வீட்டு விசேஷத்தில் அதனைத் திருப்பிச் செய்வது கடமை. வட்டியற்ற, பத்திரமற்ற, ஆனால் மறக்க முடியாத கடன் அது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு திருமண அழைப்பிதழில் மொய் அனுப்புவதற்கான கியூஆர் குறியையே அச்சிட்டிருந்தனர். மொய் மேசைக்குக் கணினியும் அச்சுச்சீட்டும் வந்துவிட்ட இந்நாளிலும், எழுதுபவர் முதலில் கேட்பது தொகையை அன்று, ஊர்ப்பெயரை.