பைக் பின் ஷாக்கை நிமிர்த்தினாலோ சாய்த்தாலோ என்ன ஆகும்? 'டபுள்ஸ்' போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். தனியாகப் போகும்போது சொகுசாக இருக்கும் அதே பைக், பின்னால் ஒருவர் ஏறியதும் வேகத்தடையில் 'டங்'கென்று இடிக்கும். "ஷாக்கை கொஞ்சம் நிமிர்த்தி மாட்டிட்டா சரியாயிடும்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அது சரிதானா?

கோணம் என்ன செய்கிறது?

புல்லட், ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகளில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாக் இருக்கும். அதன் மேல்முனை சேஸிஸிலும் கீழ்முனை ஸ்விங் ஆர்மிலும் மாட்டப்பட்டிருக்கும். ஷாக் ஸ்விங் ஆர்முக்கு நேர் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் நின்றால், ஸ்பிரிங்கின் முழு பலமும் சக்கரத்துக்குக் கிடைக்கும். கீழ்முனை அதே இடத்தில் இருக்க, 60 டிகிரிக்குச் சாய்த்தால் அந்த பலம் முக்கால் பங்காகும். 45 டிகிரி என்றால் பாதிதான். ஸ்பிரிங் அதேதான், ஆனால் சக்கரம் உணரும் கெட்டித்தன்மை மாறிவிடுகிறது.

சாய்த்தால் லாபமும் உண்டு. ஷாக் கொஞ்சம் அமுங்கினாலே சக்கரம் அதிகமாக மேலே ஏறி இறங்க முடியும். 1970-களில் மோட்டோகிராஸ் பந்தய பைக்குகளில் ஷாக்கைப் படுத்தாற்போல் மாட்டியது இதற்காகத்தான். ஆனால் அதற்கேற்ற கெட்டியான ஸ்பிரிங்கும் டேம்பிங்கும் சேர்த்தே மாற்றினார்கள்.

வெல்டிங் வைத்து மாற்றலாமா?

கூடாது. சாதாரண ரோட்டு பைக்கில் கோணத்தை மாற்ற எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் கிடையாது. புது பிராக்கெட் வெல்டிங் செய்தால், முழு எடையும் அடியும் அந்த ஒரு ஜாயின்ட்டில்தான் விழும். ஓடும்போது அது விட்டால் பின்சக்கரம் கட்டுப்பாட்டில் இருக்காது. பின்பக்கம் உயர்ந்துவிட்டாலும் சிக்கல்தான்: ஹேண்டில் படபடக்கும், செயின் டென்ஷன் மாறும். பின்பக்கம் தாழ்ந்தால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசலாம்.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அப்போ வழி என்ன?

ஷாக்கின் ஸ்பிரிங் அடியிலோ மேலேயோ படிப்படியாக வெட்டிய காலர் ஒன்று இருக்கும். அதுதான் 'ப்ரீலோட்'. இது ஸ்பிரிங்கை கெட்டியாக்காது. எடை ஏறும்போது பைக் தாழ்வதைத்தான் குறைக்கும். அதனால் இடிப்பதற்கு முன் ஷாக்குக்கு அமுங்க இடம் மிஞ்சும்.

* இன்ஜின், சைலன்சர் சூடு ஆறிய பிறகு சென்டர் ஸ்டாண்ட் போடவும்.
* பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, ஆக்சிலிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளக்கவும்.
* வழக்கமாகப் போகும் இருவரும் உட்கார்ந்தபின் மறுபடி அளக்கவும்.
* வித்தியாசம் சக்கரத்தின் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 90 மில்லிமீட்டர் பயணம் என்றால் சுமார் 30.
* அதிகமாகத் தாழ்ந்தால் சி ஸ்பேனரால் காலரை ஒரு படி ஏற்றவும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.
* தனியாகப் போகும்போது பழைய படிக்கே இறக்கிவிடவும்.

கடைசிப் படியிலும் இடித்தால்?

அப்போது பிரச்சினை கோணத்தில் இல்லை. ஷாக்கின் ஆயுள் முடிந்திருக்கலாம். கடற்கரை ஓரம் ஓடும் பைக்குகளில் உப்புக்காற்று ராடில் துருப் புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் புள்ளிகள் ஆயில் சீலைக் கிழிக்கும், ஆயில் கசியும். ராடில் ஈரமான கறை தெரிந்தாலோ, பின்சீட்டை அழுத்தி விட்டதும் பைக் இரண்டு மூன்று முறை ஆடினாலோ, இரண்டு ஷாக்கையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இ.சி.ஆர். பக்கம் போய்வந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால், அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.