கத்தியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாமா? நம்ம மண்டபத்து வகுப்பும் அதுக்குப் பின்னால இருக்கிற வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு நிதானமா படிங்க. தற்காப்பு வகுப்பு என்னாச்சு, போட்ட போஸ்டரை ஏன் எடுத்துட்டீங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அதுக்குப் பதில்தான் இது.

வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாம வர்றவங்களுக்கு நடந்தது தெரியும். நம்ம ஆலயத்துக்கு வருஷக்கணக்கா மாலை கட்டித் தர்ற அக்கா ஒருத்தங்க, பூசை முடிஞ்சு பிரசாதப் பையோட பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போயிட்டு இருந்தாங்க. மோட்டார்ல வந்த ரெண்டு பேர் கத்தியைக் காட்டி தாலிச் சங்கிலியைக் கேட்டாங்க. அக்கா கொடுக்கல. ஒரு கையால சங்கிலியையும் இன்னொரு கையால கத்தியையும் பிடிச்சுட்டாங்க. உள்ளங்கையில ஒன்பது தையல். சங்கிலியும் போச்சு.

அடுத்த வாரமே இளைஞர் பிரிவு கூடிப் பேசி, நமக்குத் தெரிஞ்ச ஒரு பயிற்சியாளர் அண்ணனைக் கேட்டோம். பல வருஷம் பழகினவர். காசு வேணாம்னுட்டார். ஆறு வாரம், வெறுங்கையால கத்தியைப் பறிக்கிற வித்தை. போஸ்டர் போட்டு எல்லா குழுவுக்கும் அனுப்பினோம். அக்காவுக்கும் போச்சு. அவங்க திரும்ப அனுப்பினது ஒரே ஒரு வரிதான்: "நானும் கத்தியைத்தானே தம்பி பிடிச்சேன், அதையே சொல்லித்தரப் போறீங்களா?"

எங்களால பதில் சொல்ல முடியல. சாதாரண ஜனங்களுக்குக் கத்தித் தற்காப்பை இதுக்கு முன்னாடி யார் யார் சொல்லிக்கொடுத்தாங்க, எப்படி வகுத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சது அப்படித்தான்.

கத்திச் சண்டைக்குப் புத்தகம் எழுதுறது பழைய விஷயம். இத்தாலியில ஃபியோரே தெய் லிபெரி 1410 வாக்கில எழுதின கைப்பிரதியில, குத்துவாளோட வர்றவனை மடக்குறதுக்குப் பக்கம் பக்கமா படம் இருக்கு. ஆனா அவர் அதைச் சமர்ப்பிச்சது ஃபெராராவை ஆண்ட பிரபுவுக்கு. வாளும் கவசமும் வாழ்க்கையா இருந்தவங்க படிக்க வேண்டிய புத்தகம் அது. கடைக்குப் போற ஆளுக்கு இல்ல.

கடைக்குப் போற ஆளுக்கான புத்தகம் 1674-இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. நம்ம மலாக்காவை 1641-இல் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்சு டச்சுக்காரங்க ஆண்டுக்கிட்டு இருந்த அதே காலம். எழுதியவர் நிக்கோலாஸ் பெட்டர். மல்யுத்த ஆசிரியர், மது வியாபாரமும் செய்தவர். புத்தகம் அச்சாகி வந்தப்போ அவர் உயிரோட இல்ல. ரோமைன் டெ ஹோகே என்ற பெயர்பெற்ற ஓவியர் செதுக்கிய 71 படங்கள் அதுல இருக்கு. படத்துல இருக்கிறவங்க யாரும் போர்வீரங்க இல்ல. தலைமுடியை நீளமா விட்டு, நல்ல சட்டை போட்ட நகரத்து ஆளுங்க. சட்டையைப் பிடிச்சா என்ன செய்யணும், முடியைப் பிடிச்சா என்ன செய்யணும், குத்த வந்தா என்ன செய்யணும்னு போய், கத்தியோட வர்றவனை எப்படித் தடுக்கிறதுன்னும் ஒரு பகுதி இருக்கு.

அது ஏன் தேவைப்பட்டதுன்னா, அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் பெரிய துறைமுகம். மாலுமிகள், கூலியாட்கள், மதுக்கடைகள். இடுப்புல கத்தி வச்சிருக்கிறது சாதாரணம். பேச்சு முத்தினா கத்தி வெளியே வரும். பீட்டர் ஸ்பீரன்பர்க் என்ற வரலாற்று ஆய்வாளர் அந்த நகரத்து நீதிமன்றப் பதிவுகளைத் தோண்டி இதை விரிவா எழுதியிருக்கார். அதுல எங்களை நிறுத்தி யோசிக்க வச்சது ஒண்ணு. கௌரவமான குடும்பத்து ஆளுங்க, எதிர்ல இருக்கிறவன் கத்தி எடுத்தா தாங்களும் கத்தி எடுக்கிறதில்லை. கைத்தடியை நீட்டித் தூரமா நிறுத்துவாங்க. யாரும் வகுப்புக்குப் போய் கத்துக்கிட்டது இல்ல, தெருவிலேயே வந்த பழக்கம்.

பெட்டர் படங்கள் அழகு, சந்தேகமே இல்ல. ஆனா பார்க்கப் பார்க்க ஒரு உறுத்தல். கத்தி வச்சிருக்கிறவன் ஒரு குத்து குத்திட்டு, கையை அப்படியே நீட்டிக்கிட்டு, மத்தவர் மடக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கான். படம்னா அப்படித்தான் இருக்க முடியும், ஒத்துக்கறோம். அவர் நடத்தின பயிற்சிக்கூடத்தை அவரோட மாணவர் ராபர்ட் கோர்ஸ் தொடர்ந்து நடத்தினார். புத்தகம் பாதி பாடம், பாதி அந்தக் கூடத்துக்கான விளம்பரம்னு எங்களுக்குத் தோணுது. எங்க போஸ்டர்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரி படம்தான் போட்டிருந்தோம்.

அடுத்தவர் கதைதான் எங்க மனசை மாத்திச்சு. வில்லியம் ஃபேர்பேர்ன். ஆங்கிலேயர், 1885-இல் பிறந்தவர், பிரிட்டிஷ் கடற்படை வீரரா இருந்துட்டு 1907-இல் ஷாங்ஹாய் நகராட்சிக் காவல்துறையில சேர்ந்தார். சீனாவுக்குள்ள வெளிநாட்டார் நிர்வாகத்துல இருந்த பகுதி அது. நம்ம பஞ்சாப்ல இருந்து போன சீக்கியக் காவலர்களும் அந்தப் படையில தனிப்பிரிவா இருந்தாங்க. கொள்ளை, ஆள் கடத்தல், கும்பல் சண்டைன்னு ஓய்வில்லாத ஊர். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு கும்பல்கிட்ட மாட்டி, செத்துப் பிழைச்சார்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ஜப்பானிய ஆசான்கிட்ட ஜுஜுட்சு, தோக்கியோவுல இருக்கிற கோடோகான் ஜூடோவுல கறுப்புப் பட்டைன்னு கத்துக்கிட்டே போனார். 1926-இல் 'டிஃபெண்டு' என்ற புத்தகம் எழுதினார்.

அவர்கிட்ட எங்களுக்குப் பிடிச்சது வித்தை இல்ல. நடந்ததை எழுதி வச்சுப் பார்க்கிற குணம். அந்தக் காவல்துறை பன்னிரண்டரை வருஷத்துல ஆயுதக் குற்றவாளிகளோட நேருக்கு நேர் மோதின சம்பவங்கள் 666. அந்தப் பதிவுகளை எடுத்து வச்சுக்கிட்டு, அவரும் நண்பர் எரிக் சைக்ஸும் யோசிச்சாங்க. பெரும்பாலும் எப்படி நடக்குது? மிகக் கிட்டத்துல, வெளிச்சம் இல்லாத இடத்துல, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள. அந்தப் பதட்டத்துல கை நடுங்கும். நுணுக்கமான வேலை எதுவும் கை செய்யாது. அப்போ நுணுக்கமான பாடம் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோசனம்? துப்பாக்கிப் பயிற்சியில இருந்து தேவையில்லாததை எல்லாம் உருவிப் போட்டாங்க. முதல்ல சம்பவத்தைப் பார்க்கணும், பாடத்தை அதுக்கப்புறம்தான் எழுதணும். நாங்க தலைகீழா செஞ்சிருந்தோம்.

1940-இல் ரெண்டு பேரும் பிரிட்டனுக்குத் திரும்பி, கமாண்டோ படைகளுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அங்கேதான் இருபுறமும் கூரான அந்தக் குறுங்கத்தியை வடிவமைச்சாங்க. ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தின்னு இன்னைக்கும் அவங்க பெயர்லதான் இருக்கு. வில்கின்சன் சோர்ட் கம்பெனி 1941-இல் இருந்து செய்து கொடுத்தது. ஆக, கத்தின்னா என்ன, அது உடம்புல என்ன செய்யும்னு இவரைவிட நல்லா தெரிஞ்ச ஆள் அந்தக் காலத்துல ரொம்பக் கம்மி.

அப்படிப்பட்டவர் 1942-இல் படைவீரர்களுக்காக எழுதின புத்தகத்துல, கத்தியைப் பத்தின பகுதியில ஒரு விஷயத்தை ஒத்துக்கறார்: வெறுங்கையோட நிக்கிற ஒருத்தருக்குக் கத்திக்கு எதிரா நிச்சயமான தற்காப்புன்னு எதுவும் கிடையாது. சொல்றவர் கமாண்டோக்களுக்கு வாத்தியார். கேட்கிறவங்க இருபது வயசு வீரங்க. நாங்க ஐம்பது வயசு அக்காவுக்கு ஆறு வாரத்துல பறிக்கச் சொல்லித்தரப் போனோம்.

அதே 1942-இல் பெண்களுக்காகத் தனியா ஒரு சின்னப் புத்தகமும் போட்டார். பிடிச்ச மணிக்கட்டை விடுவிக்கிறது, உள்ளங்கையின் அடிப்பாகத்தால தாடையைத் தள்ளுறது, குடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குத்துறது. கைப்பையில என்ன இருக்கு, அதை வச்சே என்ன செய்யலாம்னு யோசிச்சு எழுதியிருக்கார். ஆம்ஸ்டர்டாம் கைத்தடி இங்கே குடையா வந்திருக்கு பாருங்க. போருக்கு அப்புறம் அவர் சைப்ரஸ் காவல்துறைக்கும், நம்ம பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் காவல்துறைக்கும் பயிற்சி கொடுத்திருக்கார். 1960-இல் காலமானார்.

தூரம் எவ்வளவுன்னு அளந்து சொன்னவர் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர். 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோட ஓடி வர்ற சாதாரண ஆரோக்கியமான ஆள் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில கடந்துடுவார். உறையில இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும். துப்பாக்கி வச்சிருக்கிற போலீஸ்காரருக்கே அந்தத் தூரம் பத்தாதுன்னு அர்த்தம். நாங்க டேப் வச்சு அளந்தோம். நம்ம ராஜகோபுர வாசல்ல இருந்து செருப்பு வைக்கிற ரேக் வரைக்கும் சரியா 21 அடி. தம்பி ஒருத்தனை ஓட விட்டோம். "ஓம் நமசிவாய" சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்துட்டான்.

இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் பயிற்சியாளர் அண்ணன்கிட்ட போனோம். கோவிச்சுக்குவார்னு பயம்தான். அவர் சொன்னார்: "பேசாதீங்க, செஞ்சு பார்ப்போம்." சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துல எட்டுப் பேர், வெள்ளை டீ-சட்டை, கத்திக்குப் பதிலா சிவப்பு மார்க்கர் பேனா. தாக்குறவன் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது, நிஜமா வர மாதிரி வரணும்னு பேச்சு. பத்து தடவையில எட்டு தடவை கையிலயோ வயித்துலயோ சிவப்புக் கோடு. அண்ணன் சட்டையிலயும்தான். அவர் சட்டையைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார்: "வாரம் மூணு நாள், ரெண்டு மூணு வருஷம் பழகினா வேற கதை. ஆறு வாரத்துல நான் கொடுக்கப் போறது தைரியம் மட்டும்தான். அந்தத் தைரியத்தோட ஒருத்தர் கத்தியில கை வச்சா, அந்தப் பாவம் எனக்கு." அன்னைக்கு ராத்திரிதான் போஸ்டரை எடுத்தோம்.

புது வகுப்பை அவரே உட்கார்ந்து மாத்தி எழுதினார். மூணு ஞாயிற்றுக்கிழமைதான். அதுல பெரும்பகுதி, கத்தி வெளியே வர்றதுக்கு முன்னாடி நடக்கிற விஷயங்கள். மோட்டார் வேகம் குறையுற சத்தம், நிக்க வேண்டிய பக்கம், கூட்டமா கிளம்புறது. கேட்டா கொடுத்துடணும். பையை ஒரு பக்கம் வீசிட்டு எதிர்ப்பக்கம் ஓடணும். சேலையோட, செருப்போட, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எப்படி ஓடுறதுன்னு நிஜமா ஓடிப் பழகப் போறோம். (சிரிக்காதீங்க, மண்டபத்தை ரெண்டு சுத்து ஓடிப் பாருங்க, தெரியும்.) ஓட வழியே இல்லைன்னா மட்டும் குடை, பை, நாற்காலி, நடுவுல ஏதாவது ஒண்ணு. கைப்பிடியை விடுவிக்கிற ரெண்டே ரெண்டு அசைவு. கடைசி ஞாயிறு ரத்தத்தை நிறுத்துறது: சுத்தமான துணியை வச்சு அழுத்தணும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, குத்தின பொருள் உள்ளேயே இருந்தா பிடுங்கக் கூடாது, 999. சிங்கப்பூர்ல 2016-இல் தொடங்கின எஸ்ஜி செக்யூர் இயக்கமும் ஜனங்களுக்கு இதைத்தான் சொல்லுது: ஓடு, ஒளி, சொல். காயம் பட்டவருக்கு: அழுத்து, கட்டு, சொல். அதுல எங்கேயும் கத்தியைப் பறின்னு இல்ல.

சில தம்பிங்க, நாமளும் பையில ஒரு கத்தி வச்சுக்கிட்டா என்னன்னு கேட்டாங்க. நம்ம நாட்டுல 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல ஆயுதம் வச்சிருந்தாலே குற்றம். வேணாம்.

இன்னொரு விஷயம் பாக்கி இருந்தது. "கொடுத்துடுங்க"ன்னு சொல்றது எங்களுக்குச் சுலபம். அக்கா விடாம பிடிச்சது பவுனுக்காக இல்ல, தாலிங்கிறதுக்காக. அது நம்ம அம்மாக்கள் எல்லாருக்கும் உள்ள பயம். எந்தப் பயிற்சியாளரும் இதுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு, அக்காவையும் கூட்டிக்கிட்டு நம்ம குருக்கள் ஐயாகிட்ட போனோம். ஐயா கேட்டுட்டு, அம்பாள் பாதத்துல இருந்து ஒரு மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுத்தார். "இதுதாம்மா தாலி. நாளைக்கே திரும்பக் கட்டிக்கலாம். கையை யாரு திரும்பக் கொடுப்பா?"ன்னு கேட்டார். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாங்க. முதல் ஞாயிறு, வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி ஐயா வந்து இதையே எல்லாருக்கும் சொல்றதா ஒத்துக்கிட்டார்.

வகுப்பு காலை பூசை முடிஞ்சதும், அன்னதான மண்டபத்துல. பெரியவங்க, பாட்டிங்க, ஆண்கள் எல்லாரும் வரலாம். வர்றவங்க ஒரு பழைய கைப்பை, ஒரு குடை, ஒரு துண்டு கொண்டு வாங்க. தினமும் போடுற செருப்பையே போட்டுட்டு வாங்க, விளையாட்டுக் காலணி வேணாம். பெயர் கொடுக்க அலுவலகத்துல கேளுங்க. முதல் பெயர் அக்காவோடது. விரல் இன்னும் முழுசா மடங்கல. இப்போ அவங்க பூவை எடுத்து எடுத்துக் கொடுக்கிறாங்க, பக்கத்துல உட்கார்ந்து மகள் மாலை கட்டுது.